திரை போட்ட அறையும் திறந்த கூடமும்

மும்பையை அடுத்த கல்யாண் ஸ்டேஷனை விட்டு முர்பாட் ரோட்டிலோ ஷில் ரோட்டிலோ கொஞ்ச தூரம் போனால் ஒரு பலகை கண்ணில் படாமல் இருக்காது: ‘ஃபேமிலி ரெஸ்டாரண்ட் அண்ட் பார்’. டோம்பிவலி, உல்லாஸ்நகர், அம்பர்நாத் பக்கமும் இதே பலகைதான். கடையின் பெயர் மட்டும் மாறும். பெரும்பாலும் கீழ்த்தளம் இருட்டாக இருக்கும். கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். உள்ளே ஆண்கள் மட்டும் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார்கள். மாடிப்படி ஓரத்திலோ பக்கவாட்டுக் கதவிலோ ‘ஃபேமிலி ஏ.சி.’ என்று ஓர் அம்புக்குறி. மனைவி, பிள்ளை, வயதான மாமியார் என்று கூட்டிக்கொண்டு ஒருவர் வந்தால், வாசலில் நிற்பவரின் கை தானாகவே அந்த அம்புக்குறி பக்கம் நீளும். அடுப்பு ஒன்று, பில் புத்தகம் ஒன்று, ஆனால் உட்காரும் இடம் இரண்டு. குடும்பப் பெண்களுக்குக் காட்டும் மரியாதை, காலங்காலமாக வரும் பழக்கம் என்று பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஏற்பாட்டுக்கு அவ்வளவு வயதும் இல்லை, அதன் பிறப்பில் மரியாதைக்குப் பெரிய பங்கும் இல்லை. மும்பையில் குடும்பங்கள் வெளியில் போய்ச் சாப்பிடப் பழகிக்கொண்டது, அவர்கள் குடியிருந்த பேட்டைகளில் எழுந்த வெளிச்சமான திறந்த கூடங்களில்தான். குடும்பத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்த திரையும் சட்டமும் பெரும்பாலும் அதற்கு எதிர்வேலையே பார்த்தன.

இதைப் புரிந்துகொள்ள, பழைய பம்பாய் எப்படிப்பட்ட ஊர் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்நகரில் 1000 ஆண்களுக்கு 525 பெண்களே இருந்தார்கள். அதாவது ஊரில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள். ரத்னகிரியிலிருந்து வந்த மில் தொழிலாளி, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பால்காரர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வந்தவர்கள் எனப் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையில் பத்துப் பதினைந்து பேர் முறைவைத்துத் தூங்கினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது மராத்தியில் கானாவள் என்று சொல்லப்படும் வீட்டு மெஸ். அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். மில்லில் வேலை இழந்தவர்கள், விதவைகள், கணவன் சம்பளம் போதாதவர்கள். தங்கள் ஒற்றை அறையிலேயே இருபது முப்பது பேருக்குப் பொங்கிப் போட்டார்கள். 1975-இல் பிரேமா புரவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் இந்தப் பெண்களைத்தான் ஒன்று திரட்டி வங்கிக் கடனுக்கு வழி செய்தது. ஆக, வெளிச் சாப்பாடு என்றால் இந்த ஊரில் சமைப்பது பெண், உட்கார்ந்து சாப்பிடுவது ஆண் என்றே பல தலைமுறை ஓடியது. பெண் வாடிக்கையாளராக வந்து உட்காரும் இடத்தை யாரும் யோசிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கூட்டமே ஊரில் கிடையாது. கூடவே சாதியும் இருந்தது. சமைத்தது யார், பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காமல் சாப்பிடுவதே ஆசாரக் குறைவு என்று நினைத்த காலம். பம்பாயின் உணவு விடுதிகளின் வரலாற்றை எழுதிய ஃப்ராங்க் கான்லன் என்ற வரலாற்றாசிரியர், வெளியில் சாப்பிடும் பழக்கம் அந்நகரில் அவ்வளவு தாமதமாக வேர் பிடித்ததற்கு இந்தத் தயக்கத்தையும் ஒரு காரணமாகக் காட்டுகிறார்.

இந்த ஆண்களின் ஊரில் குடும்பத்துக்கென்று முதலில் இடம் ஒதுக்கிய பெருமை இரானி ஹோட்டல்களுக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரானிலிருந்து வந்த ஜொராஸ்ட்ரியர்கள் தெருமுனைகளில் கடை போட்டார்கள். முனைக் கடை ராசியில்லை என்று மற்ற வியாபாரிகள் ஒதுங்கியதால் அவை அவர்களுக்குக் கிடைத்தன என்று சொல்வார்கள். கயானி 1904-இல் வந்தது, பிரிட்டானியா 1923-இல். இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துத் திறந்த கூடம், பளிங்குப் பலகை போட்ட மேஜைகள், வளைத்த மரத்தில் செய்த கறுப்பு நாற்காலிகள், சுவர் நிறையக் கண்ணாடி. கல்லாவில் உட்கார்ந்த முதலாளி தலையைத் திருப்பாமலே கூடம் முழுவதையும் அந்தக் கண்ணாடிகளில் பார்த்துவிடுவார். பன் மஸ்காவுக்கும் சாயாவுக்கும் யாரும் வரலாம்; இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் என்ற கேள்வி இல்லை. அன்றைய பம்பாயில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் பெண்களோடு வருகிறவர்கள் அந்தத் திறந்த கூடத்தில் உட்கார மாட்டார்கள். பின்பக்கத்திலோ, ஏணி போன்ற படியேறிப் போகும் இடைத்தளத்திலோ ‘ஃபேமிலி ரூம்’ இருக்கும். ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, நடுவில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, முன்னால் ஒரு துணித் திரை அல்லது முழங்காலுக்கு மேல் தொங்கும் ஆடும் கதவு. திரையை விலக்கி உள்ளே போய்விட்டால் தெருவும் தெரியாது, கூடமும் தெரியாது, சர்வரின் செருப்பு மட்டும் தெரியும்.

அந்தத் திரை இல்லாமல் போயிருந்தால் பெண்கள் படியே ஏறியிருக்க மாட்டார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பர்தா அணிந்தவர்களும், தலையில் முந்தானை போட்டுக்கொண்டு மட்டுமே வெளியே வரும் வீட்டுப் பெண்களும், கடைவீதிக்கு வந்த இடத்தில் ஒரு சாயா குடித்துக் குழந்தைக்கு ஒரு கேக் வாங்கிக் கொடுக்க அந்த அறைதான் வழி திறந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறை வழி திறந்த அதே கையோடு ஒரு எல்லையும் போட்டது: கூடம் ஆண்களுடையது, பெண் வந்தால் மறைய வேண்டும். தனியாக ஒரு பெண் வந்தால் அவளை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு இரானியிடம் பதிலே இல்லை. கூடத்தில் உட்கார்ந்தால் எல்லோர் பார்வையும் அவள் மேல். காபினுக்குள் தனியாகப் போனால் பேச்சு வேறு மாதிரி. மறைவான இடம் காலப்போக்கில் மறைவைத் தேடுகிறவர்களுக்கே போய்ச் சேரும். காதலர்கள் ஒரு சாயாவை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் இடம் என்று ‘ஃபேமிலி ரூம்’ பெயர் வாங்கியது. பெயர் கெட்ட பிறகு குடும்பங்கள் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டன. குடும்பத்துக்காகப் போட்ட திரை குடும்பத்தையே விரட்டியது.

இதற்கு நேர் எதிரான ஓர் இடம் அதே ஊரில், கடலோரத்திலேயே இருந்தது. கிர்காம் சௌபாட்டியின் மணலில், பிறகு ஜுஹுவில், பேல்பூரிக்காரர் கூடையைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுவர் கிடையாது, திரை கிடையாது, கதவு கிடையாது. வீட்டை விட்டு ஒரு வாய் வெளியில் சாப்பிடாத குஜராத்தி மாமிகளும் மராத்தி மருமகள்களும் அங்கே காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எல்லோர் கண்ணுக்கும் எல்லோரும் தெரிந்ததால்தான் அங்கே அச்சமில்லை. பத்துக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பதினொன்றாவது குடும்பமும் தயங்காமல் உட்காரும். நம் மெரினாவில் சுண்டல் விற்ற பையன்களைச் சுற்றி நடந்ததும் இதுதான். கடற்கரை இலவசமாகச் செய்துகாட்டியதை ஒரு கூரைக்குக் கீழே, வாடகை கொடுத்து, லாபத்தோடு செய்ய முடியுமா என்பதே கேள்வி. அதைச் செய்துகாட்டியது மாட்டுங்கா.

மாட்டுங்காவின் கதை பிளேக்கிலிருந்து தொடங்குகிறது. 1896-இல் பம்பாயை பிளேக் தாக்கியது. நெரிசலான பழைய பேட்டைகளைத் திருத்த 1898-இல் பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயன் பகுதியில் அகலத் தெருவும் மரமும் தோட்டமுமாகப் புதிய குடியிருப்புகளைத் திட்டமிட்டது. தனித்தனி ஃபிளாட்டுகள் கொண்ட இரண்டு மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ரயில்வேயிலும், வங்கியிலும், கம்பெனி ஆபீஸ்களிலும் சுருக்கெழுத்து, டைப்பிங், கணக்கு வேலைகளுக்கு வந்த தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலித் தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். மில் தொழிலாளியிடமிருந்து இவர்கள் வேறுபட்டது ஒரு முக்கியமான இடத்தில்: வேலை நிலைத்ததும் மனைவியை அழைத்துக்கொண்டார்கள், பிள்ளைகளைப் பம்பாயிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். 1923-இல் ஆஸ்திக சமாஜம், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் என்று கோயிலும் பள்ளிக்கூடமும் அடுத்தடுத்து வந்தன. ஒரு பேட்டையில் கோயிலும் பள்ளியும் வந்துவிட்டால் அங்கே காலையிலும் மாலையிலும் தெருவில் பெண்களும் குழந்தைகளும் நடப்பார்கள். ஹோட்டல் அதற்குப் பிறகு வந்தது. இந்த வரிசைதான் முக்கியம். பம்பாயின் மற்ற இடங்களில் தனி ஆண்களுக்காக ஹோட்டல் முதலில் எழுந்தது, குடும்பத்துக்கு இடம் பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. மாட்டுங்காவில் குடும்பம் முதலில் வந்தது, அதைப் பார்த்து ஹோட்டல் வந்தது.

ஹோட்டல் போட வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது. தென்கன்னடத்துக் கரையிலிருந்து, உடுப்பி வட்டாரத்திலிருந்து, சிறுவயதிலேயே பம்பாய்க்கு வந்து சமையலறைகளில் எடுபிடி வேலை பார்த்து மேலேறியவர்கள். ஏ. ராமா நாயக் 1936-இல் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மைசூரைத் தொடங்கினார். 1939-இல் ராம் ஆஸ்ரயா, 1940-இல் கோபால் காமத்தின் கஃபே மெட்ராஸ் வந்தன. 1942-இல் ராமா நாயக்கே மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் உடிப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் திறந்தார். போர்க்காலம், அரிசித் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டே பம்பாயில் ரேஷன் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வாழையிலை போட்டு வயிறு நிறையச் சோறு போடுகிற இடத்துக்கு யார்தான் வரமாட்டார்கள்? ரூயா கல்லூரி தொடங்கிய 1937-ஆம் ஆண்டிலேயே அதன் பக்கத்தில் மணிஸ் லஞ்ச் ஹோமும் வந்தது. கல்லூரி மாணவர், ஆபீஸ் குமாஸ்தா, கோயிலுக்கு வந்த மாமி, எல்லோருக்கும் ஒரே கூடம்.

அந்தக் கூடத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் குடும்பம் வந்ததற்கான காரணம் அதில் இருக்கிறது. ஜன்னல்கள் திறந்திருக்கும். பகலில் வெயில் வெளிச்சம், இரவில் வெள்ளைக் குழல் விளக்கு. காலை விடிந்ததும் இட்லி வெந்துவிடும். இரவு சீக்கிரமே ஷட்டர் இறங்கிவிடும். நெரிசல் நேரத்தில் தனி மேஜை கிடையாது. நாலு பேர் மேஜையில் ஒரு கணவன் மனைவியும், எதிரே யாரென்றே தெரியாத இரண்டு மாணவர்களும் உட்காருவார்கள். தெரியாத ஆணோடு ஒரே மேஜையில் சாப்பிடுவதை வீட்டில் ஒப்புக்கொள்ளாத பெண், அங்கே ரசவடையைப் பிட்டுக்கொண்டே அதைச் செய்தாள். யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை: பின்னால் அடுத்த ஆள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சர்வர் ஒரே கையில் ஐந்து டபராவை அடுக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, பில்லையும் கூடவே வைத்துவிட்டுப் போவார். உடுப்பி ஹோட்டலின் லாபம் சுழற்சியில் இருக்கிறது. காபிக்கு விலை குறைவு, ஆகவே ஒரு நாற்காலியில் ஒரு நாளில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதே கணக்கு. சோம்பி உட்கார்ந்து வம்பளக்கும் கூட்டத்தை இந்தக் கணக்கு தானாகவே வெளியேற்றியது. எந்தப் போலீஸ் உத்தரவும் இல்லாமல், எந்தத் திரையும் இல்லாமல், வெளிச்சமும் வேகமும் குறைந்த விலையும் சேர்ந்து அந்த இடத்தைப் பெண்களுக்கு உகந்ததாக்கின. பிறகு மாட்டுங்கா, செம்பூர்ப் பெண்களே டைப்பிஸ்டாகவும் வங்கி ஊழியராகவும் டெலிபோன் ஆபரேட்டராகவும் வேலைக்குப் போனபோது, ஆபீஸ் விட்டு வரும் வழியில் தனியாக உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிட்டுவிட்டுப் போவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இரானியால் பதில் சொல்ல முடியாத கேள்விக்கு இங்கே பதில் கிடைத்தது.

லண்டனிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. அங்கே மதுக்கடைகள் ஆண்களுடையவையாக இருந்த காலத்தில், 1894-இல் பிக்காடிலியில் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் டீக்கடையைத் திறந்தது. மது கிடையாது, விலை குறைவு, நல்ல வெளிச்சம். கடைவீதிக்கு வந்த பெண்களும் ஆபீஸ் வேலைக்குப் போன பெண்களும் துணையில்லாமல் போய் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடங்களாக அந்தக் கடைகள் பெருகின. உடுப்பிக்காரருக்கு லயன்ஸைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே நெருக்கடிக்கு இரண்டு ஊரிலும் ஒரே விடை கிடைத்திருக்கிறது.

மாட்டுங்காவை இப்படிப் புகழும்போது ஒரு கனமான எதிர்ப்பு வரும், வர வேண்டும். அந்தக் கூடம் யாருக்குத் திறந்திருந்தது? உடுப்பி ஹோட்டலின் சமையலறை பிராமணச் சமையலறை. அந்த நம்பிக்கையே அதன் முதல் மூலதனம். மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பம் பயமில்லாமல் உள்ளே வந்ததற்கு, வெளிச்சம் மட்டுமல்ல, அடுப்படியில் நிற்பவரின் பூணூலும் காரணம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நடந்து போகும் தூரத்தில், தாராவியில் அதே தமிழ் பேசும் மக்கள், தோல் கொட்டகைகளில் வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்கள் இருந்தன. ஸ்டேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் இரு பக்கத்தாரும் ஒரே தெருவில் நடந்தார்கள். ஒரே பந்தியில் உட்காருவது வேறு விஷயமாக இருந்தது. இந்தியாவின் ‘இந்து ஹோட்டல்’கள் எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தின என்பதற்கு அரசியலமைப்புச் சட்டமே சாட்சி. அதன் 15-ஆவது பிரிவு பொது உணவகங்களையும் ஹோட்டல்களையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டுத் தடை செய்ய வேண்டியிருந்தது; 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் அதற்குத் தண்டனையும் வைத்தது. அதற்குப் பிறகும் 1957-இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் ‘பிராமணாள்’ என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது.

இந்த எதிர்ப்பை நான் முழுக்க ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தைக் கெடுக்கவில்லை, ஆழப்படுத்துகிறது. சாதி போட்டதும் ஒரு திரைதான். அந்தத் திரை விலக விலக, திறந்த கூடத்தின் பலன் இன்னும் பல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உடுப்பி ஹோட்டலின் தன்மையே அதற்கு ஒத்துழைத்தது. மேஜையைப் பகிர வைக்கும் கடை, பக்கத்தில் உட்காருபவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தால் நடத்த முடியாது. நகரம் பெருகியபோது சுழற்சிக் கணக்கு பூணூல் கணக்கை மெல்ல மெல்ல வென்றது. 1950-களுக்குப் பின் பன்ட் சமூகத்து ஷெட்டிகள் இதே உடுப்பி முறையை எடுத்துக்கொண்டு செம்பூர், முலுண்ட், தாணே, கல்யாண் என்று ரயில் பாதை நெடுகக் கொண்டுபோனபோது, சமைப்பவரின் சாதி விளம்பரமாக இருப்பது நின்றது. தாராவியில் பிறந்த பிள்ளை கிங்ஸ் சர்க்கிளில் மனைவியோடு வரிசையில் நின்று தோசை சாப்பிடுவதற்குச் சட்டம் வாசலைத் திறந்தது. உள்ளே அவனைச் சங்கடமில்லாமல் உட்கார வைத்தது கூடத்தின் அமைப்பு.

இனி மதுவுக்கு வருவோம். 1939 ஆகஸ்ட் 1-ஆம் தேதி காங்கிரஸ் மந்திரிசபை பம்பாயில் மதுவிலக்கை அறிமுகப்படுத்தியது. அப்போதைய மந்திரி டாக்டர் கில்டர் ஒரு பார்சி. கள், சாராய வியாபாரத்தில் பெருமளவு ஈடுபட்டிருந்த பார்சி சமூகம் அவரைக் கடுமையாக எதிர்த்தது. அந்த மந்திரிசபை சில மாதங்களில் பதவி விலகியதால் முயற்சி நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது, 1950-இல் முழு மதுவிலக்கு வந்தது. மொரார்ஜி தேசாய் அதன் முகமாக நின்றார். இந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த வேதனை பொய்யில்லை. மில் கூலி கள்ளுக்கடைக்குப் போய்ப் பிள்ளைகள் பட்டினி கிடந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மதுவிலக்கைக் கேட்டு முன்னால் நின்றவர்களில் பெண்கள் ஏராளம். நம் ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோதும் இதே கண்ணீர்தான் அதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே சட்டம் குடும்பங்களுக்காக வந்தது என்பதை மறுக்க முடியாது. அது குடும்பங்களுக்கு என்ன செய்தது என்பது தனிக் கேள்வி.

பம்பாயில் அது செய்த முதல் காரியம், கடையை மூடி வீட்டைத் திறந்ததுதான். மாஹிம், பாந்த்ரா, தோபி தலாவ் பக்கம் கோவாக்காரப் பெண்கள் தங்கள் வீட்டு முன்னறையிலேயே சாராயம் ஊற்றிக் கொடுத்தார்கள். ‘ஆன்ட்டி வீடு’ என்று ஊரே சொல்லும். தாராவியின் சதுப்பு ஓரங்களில் ஊறல் போட்டுக் காய்ச்சினார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த வரதராஜ முதலியார் அந்த வியாபாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்து இருபதாண்டுகள் கோலோச்சினார். 1980-களின் நடுவில் போலீஸ் அதிகாரி ஒய். சி. பவாரின் நெருக்கடிக்குப் பிறகுதான் அவர் மெட்ராசுக்குத் திரும்பினார். கள்ளச் சாராயம் காய்ச்சிய சந்துகளில் குடியிருந்த தாராவித் தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை படிக்கும் விளக்கடியில் குடிகாரர் உட்கார்ந்திருக்கிறார். போலீஸ் ரெய்டு வந்தால் வீட்டுப் பெண்தான் முதலில் மாட்டுகிறாள். குடும்பத்தைக் குடியிலிருந்து பிரிக்க வந்த சட்டம் குடியைக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுவந்து உட்கார வைத்தது. சட்டம் இல்லாமலிருந்தால் இது நடந்திருக்காதா, ஏழ்மையே காரணமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஏழ்மை இருந்தது, ஆனால் ஏழை வீட்டில் காய்ச்சுவதற்கு லாபம் வந்தது கடை மூடியதால்தான்.

இரண்டாவது விளைவு இன்றுவரை நிற்கிறது. மருத்துவக் காரணம் சொன்னவர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் குடிக்கப் பர்மிட் கொடுத்தார்கள். பர்மிட் வைத்திருப்பவர் குடிக்க ஹோட்டலில் தனியாக அடைத்த ஓர் அறை வேண்டியிருந்தது. அதுதான் பர்மிட் ரூம். 1960-களில் விதிகள் தளர்ந்தன, 1970-களில் மேலும் தளர்ந்தன, குடி எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ரத்தாகவில்லை. பெயரில் பம்பாய் போய் மகாராஷ்டிரா வந்தது, அவ்வளவுதான். காகிதத்தில் இன்றும் இந்த மாநிலத்தில் குடிப்பவர் கையில் பர்மிட் இருக்க வேண்டும். அந்த அறையும் அப்படியே நின்றது. தடைசெய்த பொருளை விதிவிலக்காகப் பரிமாறும் இடமாகப் பிறந்ததால், அது தெருவுக்கு முகம் காட்ட வெட்கப்படும் அறையாகவே வளர்ந்தது: கறுப்புக் கண்ணாடி, மங்கல் விளக்கு, இரட்டைக் கதவு. இருட்டிய அறைக்குள் பெண் வரமாட்டாள். பெண் வராத அறையில் ஆண்களின் நடத்தை தடிக்கும். நடத்தை தடித்தால் பெண் அந்தப் பக்கமே வரமாட்டாள். இந்தச் சுழல்தான் பின்னால் டான்ஸ் பார் வரை போனது. 2005-இல் அரசு அவற்றைத் தடை செய்தது, 2006-இல் உயர்நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, 2013-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. பல ஆண்டு நீண்ட அந்த வழக்கில் ஆடிய பெண்களின் மானம் பேசப்பட்டது, பிழைப்பு பேசப்பட்டது. வாடிக்கையாளராகப் பெண் உட்காரவே முடியாதபடி அறைகளைக் கட்டிவைத்த ஐம்பதாண்டுப் பழக்கம் மட்டும் பேச்சுக்கே வரவில்லை.

இது இந்தியாவின் தனிக் குணம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மதுக்கடையின் பார் பகுதிக்குள் வரக்கூடாது என்றது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். விளைவாக, பிள்ளைகளோடு வந்தவர்களைப் பின்னறைக்கு அனுப்பும் வழக்கம் அங்கேயும் வேர் பிடித்தது. கடற்கரை ஊர்களுக்கு விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் எந்தப் பப்பில் பிள்ளையோடு உட்கார விடுவார்கள் என்று தேடித் தேடி அலையும் பழக்கமும் அதனால் நீடித்தது. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம்தான் பெரியவரோடு வரும் பிள்ளையைப் பொதுவாக உள்ளே விடும்படி விதியைத் திருப்பிப் போட்டது. இங்கே நம் தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரைப் பார்த்தாலே பர்மிட் ரூமின் தம்பி என்று தெரியும்: தகரக் கூரை, தெருவுக்கு முதுகு. அதே சென்னையில் 1962-இல் திறந்து 2008-இல் மூடிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னை நினைத்துப் பாருங்கள். மரத்தடியில், வெட்டவெளியில், குடும்பம் தன் காரிலேயே உட்கார்ந்து தோசை சாப்பிட்டது. கார் இருந்தவர்களுக்கு அது வசதி. இல்லாதவர்களுக்கும் உள்ளே மேஜை இருந்தது. மூடியபோது சென்னைக்காரர்கள் அவ்வளவு வருந்தியதற்குத் தோசையின் ருசி மட்டும் காரணமில்லை.

மாட்டுங்காவில் மது இல்லாததால்தான் எல்லாம் சுமுகமாக நடந்தது, திறந்த கூடத்தில் மதுவையும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைசியாக ஒரு கேள்வி எழலாம். மது இல்லாதது உதவியது, சந்தேகமில்லை. ஆனால் பம்பாயிலேயே கோலாபாவின் லியோபோல்ட் கஃபே தெருவைப் பார்த்துத் திறந்த அகன்ற வாசலோடு பீர் பரிமாறுகிறது; பெண்கள் சாதாரணமாக வந்து உட்கார்கிறார்கள். பரேலிலும் அந்தேரியிலும் புதிதாக வந்த பப்களில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குடும்பங்கள் சாப்பிடுவது தெருவிலிருந்தே தெரிகிறது. அவை பணக்காரர் இடங்கள் என்பது உண்மை. அங்கே ஒரு வேளைக்கு ஆகும் செலவு கல்யாணில் ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவு. அதனால்தான் கல்யாண் முக்கியமாகிறது. மாட்டுங்காவில் வாடகை கொடுக்க முடியாத தமிழ்க் குடும்பங்கள் செம்பூருக்கும், பிறகு முலுண்டுக்கும், டோம்பிவலிக்கும், கல்யாணுக்கும் நகர்ந்தன. அவர்களோடு இட்லிக் கடையும் நகர்ந்தது. மாலையில் வேலை முடிந்து லோக்கலில் நின்றபடியே வந்து இறங்கும் பெண்களின் எண்ணிக்கையோ மாட்டுங்காவின் ராமா நாயக் காலத்தைவிடப் பல மடங்கு. ஸ்டேஷனை விட்டு இறங்கியதும் பசிக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் இருப்பது ஒரு பக்கம் கறுப்புத் தாள் ஒட்டிய கீழ்த்தளம், மறு பக்கம் இரு மடங்கு விலை வைத்த ‘ஃபேமிலி ஏ.சி.’, நடுவில் சாலையோர வடாபாவ். குழல் விளக்கும் திறந்த ஜன்னலும் பகிர்ந்துகொள்ளும் மேஜையும் உள்ள கூடத்துக்குச் செலவு அந்த ஏ.சி. மாடியைவிடக் குறைவு. உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் ‘ஃபேமிலி’ என்று பலகை வைக்கும் கடையின் கீழ்த்தளக் கண்ணாடியிலிருந்து அந்தக் கறுப்புத் தாளை உரிக்கச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.